ஞாபகம் யாருடைய சொத்து? – மூளைச் சத்துக் கலவைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் எந்த ஊர் மருந்துக்கடைக்குப் போனாலும் அலமாரியின் முன்வரிசை மாறியிருக்கும். இருமல் மருந்தும் தைலமும் பின்னுக்குப் போய்விட, ஞாபகசக்திக்கு, கவனத்துக்கு, மூளை வளர்ச்சிக்கு என்று எழுதிய டப்பாக்கள் முன்னுக்கு வந்துவிடும். அதில் ஒன்றை எடுத்துப் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். வல்லாரை, நீர்ப்பிரமி, அசுவகந்தா, ஜின்கோ இலைச் சாறு, பி12, துத்தநாகம், மீன் எண்ணெய். சரகரும் சீனத்து மரமும் ஐரோப்பிய வேதியியலும் ஒரே குப்பிக்குள் எந்தச் சண்டையும் இல்லாமல் குடியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு அறிவு மரபில் இருந்து வந்தது. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குலுக்கி விற்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டுரை அந்தக் கலவையின் வரலாற்றைக் கொஞ்சம் துருவிப் பார்க்கிறது. 'வேலை செய்யுதா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க' என்று கேட்கிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்றுண்டு. ஞாபகம் என்பது தனியொருவரின் மண்டைக்குள் கூடவோ குறையவோ செய்கிற பண்டமாக எப்போது ஆனது? ஆனதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

நான் மருத்துவன் அல்ல. எம்.ஏ. தமிழ் படித்தவன். நன்னூல் சூத்திரங்களை உருப்போட்டுத் தேர்வுகளைத் தாண்டி வந்தவன். மனப்பாடத்தால் பிழைத்தவன் என்கிற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2

ஞாபகம் ஒருபோதும் வெறும் மூளை விஷயமாக இருந்ததில்லை. கௌதம தர்மசூத்திரத்தின் 12ஆவது அத்தியாயத்தில், வேதத்தோடு சம்பந்தப்படுகிற சூத்திரனுக்கான தண்டனைகள் வரிசையாக வருகின்றன. கேட்டால் காதில் உருக்கிய ஈயம், சொன்னால் நாக்கு அறுபடும் என்ற இரண்டையும் நாம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மூன்றாவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மனதில் தரித்து வைத்தால் உடல் பிளக்கப்பட வேண்டும் என்பது அது. தண்டனை படிப்படியாகக் கூடுவதைக் கவனிக்க வேண்டும். கேட்பதைவிடச் சொல்வது பெரிய குற்றம், சொல்வதைவிட நினைவில் வைத்திருப்பது பெரிய குற்றம். இந்தத் தண்டனை எத்தனை பேருக்கு நடைமுறையில் கிடைத்தது என்பது வேறு விவாதம். ஞாபகம் என்பது காவல் போட்டுக் காக்க வேண்டிய சொத்து என்று ஒரு பிரதி வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது என்பதே எனக்கு முக்கியம். சூத்திரனுக்கு ஞாபகசக்தி குறைவு என்று அது சொல்லவில்லை. ஞாபகம் வைத்துவிடுவானே என்றுதான் பயப்படுகிறது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இன்னொரு விதமான ஞாபகம் இயங்கியது. எண்சுவடிகளைக் கொண்டு அங்கே நடந்த கணிதப் பயிற்சி குறித்து து. செந்தில் பாபு விரிவாக எழுதியிருக்கிறார். பின்னப் பெருக்கல்களையும் அளவைகளையும் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து சத்தமாகச் சொல்லி, மணலில் எழுதி, மறுநாள் மறுபடியும் சொல்லி மனதில் ஏற்றினார்கள். இதை வெறும் நெட்டுரு என்று தள்ளிவிட முடியாது, ஞாபகமே அங்கு கற்றலின் வழிமுறையாக இருந்தது என்பது அவருடைய வாதம். அந்தப் பள்ளிகளுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நுழைய முடியவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் ஞாபகம் அங்கே குரலிலும் காதிலும் கையிலும் கூட்டத்திலும் இருந்தது. தனியாக ஒரு பையனின் மூளைக்குள் இருந்ததாக யாரும் நினைக்கவில்லை.

அவதானக் கலையும் அப்படித்தான். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா அரங்கத்தில் சதாவதானம் செய்தார். ஒரே சமயத்தில் பல பேர் கேட்கிற கேள்விகளையும் கணக்குகளையும் ஈற்றடிகளையும் மனதில் வாங்கி ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிற கலை அது. அவருடைய மூளையில் என்ன சுரந்தது என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அவதானம் குருவிடம் பயின்று, சபையில் நிகழ்த்தி, சபையாரால் ஏற்கப்படுகிற ஒரு சமூகச் செயல். இராத்திரி முழுக்க வசனமும் பாட்டும் பிசகாமல் ஆடுகிற கூத்துக் கலைஞர்களின் ஞாபகமும் இதே வகைதான். ஆனால் அதற்கு எந்தச் சபையிலும் பட்டம் கொடுக்கவில்லை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. எழுத்துத் தேர்வு வந்தது. தேறியவன், தேறாதவன் என்ற பிரிவும், அதன் பின்னால் அரசாங்க உத்தியோகமும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், தேர்வைக் கொண்டுவந்த அதே வெள்ளை அதிகாரிகள், இந்திய மாணவர்கள் புரிந்துகொள்ளாமல் உருப்போடுகிறார்கள் என்று ஓயாமல் புலம்பினார்கள். இந்தப் புலம்பலைப் பற்றிச் சஞ்சய் சேத் தமது நூலில் (2007) ஆராய்ந்திருக்கிறார். உருப்போடாமல் தேற முடியாத தேர்வை வைத்துவிட்டு, உருப்போடுகிறான் என்று இழித்துப் பேசுவது காலனியக் கல்வியின் அடிப்படை முரண். அந்த முரணுக்குள்தான் நம் நவீன 'ஞாபகசக்தி' பிறக்கிறது. தேர்வுக் கூடத்தில் குருவோ கூட்டமோ கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனி மேசையில், தனித்தனி மண்டையோடு உட்கார வேண்டும். ஞாபகம் தனிச்சொத்தானது அந்த மேசையில்தான்.

3

ஐரோப்பாவில் இதே நூற்றாண்டில் மூளை ஓர் இரசாயனப் பொருளாகிறது. யாகோப் மோலஷாட் என்ற உடலியலாளர் 1850இல் உணவு குறித்து ஒரு நூல் எழுதினார். பாஸ்பரஸ் இல்லாவிட்டால் சிந்தனையே இல்லை என்பது அவரோடு சேர்த்துப் பேசப்படும் வாதம். அந்த நூலைப் பாராட்டி மதிப்புரை எழுதியவர், மார்க்சியம் படித்த தோழர்கள் அனைவருக்கும் தெரிந்த ஃபாயர்பாக். 1848 புரட்சி தோற்றதற்கு உருளைக்கிழங்குச் சாப்பாடும் ஒரு காரணம், பயறு வகைகளைத் தின்றால் மக்களுக்கு வலுவான இரத்தம் ஊறும் என்கிற தொனியில் அவர் எழுதினார். இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. உணவை அவர் ஒரு வர்க்கத்தின் பிரச்சினையாகப் பார்த்தார், தனியாளின் மதிப்பெண் பிரச்சினையாக அல்ல.

சந்தை அந்தப் பாஸ்பரஸை மட்டும் எடுத்துக்கொண்டு வர்க்கத்தை விட்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவான சானடோஜென், பால் புரதத்தோடு கிளிசரோபாஸ்பேட் சேர்ந்த ஒரு கலவை. 'நரம்புத் தளர்ச்சி'க்கு என்று உலகமெங்கும் விற்றது, காலனிய இந்தியாவிலும் விற்றது. பிறகு குளுட்டாமிக் அமிலத்தின் முறை வந்தது. 1944இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்மர்மனும் ராசும் அதைத் தின்ற எலிகள் புதிர்வழிகளைச் சீக்கிரம் கற்கின்றன என்று எழுதினார்கள். உடனே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1950களில் கவனமாகச் செய்த சோதனைகளில் அந்த நம்பிக்கை சரிந்தது. ஒரு பொருள், ஓர் எலி, ஒரு பரபரப்பு, பிறகு மௌனம். இந்த வரிசை பின்னாலும் பலமுறை திரும்பி வருகிறது.

1964இல் பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனத்தில் கோர்னெலியு ஜியுர்ஜியா என்ற ருமேனிய விஞ்ஞானியின் குழு பிராசிட்டம் என்ற பொருளை உருவாக்கியது. அது தூக்க மருந்தாகவும் இல்லை, கிளர்ச்சி மருந்தாகவும் இல்லை. எந்தப் பெட்டியிலும் அடங்காத அதற்காக அவர் 1972இல் ஒரு புதுப் பெட்டியே செய்தார். மனம், திருப்புதல் ஆகிய பொருள்களைத் தருகிற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நூட்ரோபிக்' என்று பெயர் வைத்தார். நோய் இருந்தால்தான் மருந்து என்ற எல்லை இங்கே மங்குகிறது. ஆரோக்கியமான மூளையையும் இன்னும் மேலே தள்ளலாம் என்றாகிவிட்டால், அதற்குமேல் நோயாளியே தேவையில்லை. உலகில் உள்ள அத்தனை பேரும் 'இன்னும் கொஞ்சம்' தேவைப்படுகிறவர்கள்தான். ஒரு சொல் ஒரு சந்தையையே கட்டமைத்த கதை இது.

4

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம பாட்டி வைத்தியத்தில் எல்லாம் இருக்கு' என்று ஒரு குரல் இந்த இடத்தில் எழும். நம் நண்பர்கள் வட்டத்திலேயே அந்தக் குரல் உண்டு. அதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சரக சம்கிதை அறிவுக்கான இரசாயனங்களாக நான்கைச் சொல்கிறது: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. மண்டூகபர்ணியையும் சீந்திலையும் சாறாக, அதிமதுரத்தைப் பொடித்துப் பாலோடு, சங்கபுஷ்பியை அரைத்த விழுதாக என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை. நான்கையும் உலர்த்தி ஒரே குப்பியில் அடைக்கச் சொல்லவில்லை. சேர்மானம் நம் மரபுகளுக்குப் புதிதல்ல. திரிபலா உண்டு, திரிகடுகம் உண்டு. ஆனால் அங்கே சேர்க்கைக்கு ஒரு தர்க்கம் இருந்தது. ஒன்றின் வேகத்தை இன்னொன்று தணிக்கும், உண்பவரின் உடல்வாகும் பருவமும் கணக்கில் வரும். அந்தத் தர்க்கம் நவீன அறிவியலுக்கு ஒத்துவருமா என்பது தனிக் கேள்வி. இன்றைய குப்பியில் அந்தத் தர்க்கமும் இல்லை, அறிவியலின் தர்க்கமும் இல்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். 'பிரமி' என்று கேரளத்தில் வழங்குவது நீர்ப்பிரமி, அதாவது பேகோபா மொன்னியேரி. வட இந்தியாவின் பல இடங்களில் அதே பெயரில் விற்பது வல்லாரை, அதாவது சென்டெல்லா ஆசியாட்டிகா. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள், வேதிப்பொருட்களும் வேறு. சங்கபுஷ்பி எது என்பதிலும் குழப்பம். விஷ்ணுகிராந்தி என்பார்கள் சிலர், நம் ஊர்ச் சங்குப்பூ என்பார்கள் சிலர், வடக்கில் வேறொரு கொடியைக் காட்டுவார்கள். எந்தச் செடி என்றே ஒத்துக்கொள்ளாத நிலையில் 'ஐயாயிரம் ஆண்டு அனுபவம்' என்று எதைச் சொல்வது? எந்தச் செடியின் அனுபவம்? தமிழில் வல்லாரை பற்றி வழங்குகிற சொலவடையும், அதைத் தின்றவனோடு மல்லுக்கு நிற்காதே என்றுதான் எச்சரிக்கிறது. அது உடல் வலுவைப் பற்றிய பேச்சு. கீரைக்காரம்மா இன்றைக்கு 'பிள்ளைக்குக் கொடுங்க, பரீட்சை வருதுல்ல' என்று சொல்லித்தான் விற்கிறார். ஞாபகத்துக்கு நல்லது என்கிற நம்பிக்கையும் பழையதுதான். ஆனால் வலுவைப் பின்னால் தள்ளி ஞாபகத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதில் பரீட்சைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

1951இல் இலக்னோவில் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களில் நீர்ப்பிரமியில் இருந்து பேகோசைடு எனப்படும் பொருட்களைப் பிரித்தெடுத்தார்கள். மக்கள் வரிப்பணத்தில் பல பத்தாண்டுகள் நடந்த ஆராய்ச்சி அது. 1990களில் அது 'மெமரி பிளஸ்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. விற்றது வெல்வெட் என்ற பெயரோடு தொடர்புடைய சென்னை நிறுவனம். விளம்பரத்தில் தோன்றியவர் விஸ்வநாதன் ஆனந்த். வெல்வெட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷாம்பூப் பொட்டலம். பாட்டிலாக வாங்க முடியாதவர்களுக்கும் சில்லறைக் காசுக்குப் பொட்டலமாக விற்கலாம் என்று கடலூரில் இருந்து இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்த வியாபார மரபு அது. தலைமுடியில் இருந்து மூளைக்குப் போக இந்தச் சந்தைக்கு அதிகத் தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, நீர்ப்பிரமி வேலை செய்கிறதா? ஒரேயடியாக இல்லை என்று சொன்னால் அது பொய். 2002இல் ஆஸ்திரேலியாவில் ரூடன்ரிஸ் குழு 40 முதல் 65 வயதுவரை உள்ள 76 பேரிடம் மூன்று மாதம் சோதித்தது. புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் கற்கும் வேகம் கூடவில்லை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் சிலருக்கு வரும். ஆக மொத்தம், நடுவயதுக்காரர்கள் மாதக்கணக்கில் தின்றால் ஒரு சிறு பலன் இருக்கக்கூடும். இந்தச் சான்றை வைத்துக்கொண்டு மார்ச் தேர்வுக்குப் பிப்ரவரியில் பிள்ளைக்கு வாங்கித் தருவதை எப்படி நியாயப்படுத்துவது?

5

இன்று நாம் காண்கிற கலவை வெள்ளத்துக்கு அணை திறந்துவிட்டது ஓர் அமெரிக்கச் சட்டம். 1994 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட உணவுச் சத்துச் சட்டத்தின்படி, இத்தகைய பொருட்களை விற்பதற்கு முன்னால் அவை பயன் தருகின்றன என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. 'மறதி நோயைக் குணமாக்கும்' என்று எழுதக் கூடாது, 'ஞாபகத்துக்குத் துணைபுரியும்' என்று எழுதலாம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இந்த வியாபாரம் முழுவதும் வீடு கட்டிக் குடியிருக்கிறது. மொழி படித்தவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தியாவில் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை, எவற்றையெல்லாம் தீர்ப்பதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. அதில் உயரத்தைக் கூட்டுவதும் இருக்கிறது, மூளைத் திறனைப் பெருக்கி ஞாபகசக்தியை மேம்படுத்துவதும் இருக்கிறது. 2020இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு, ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதைச் சேர்க்க முன்வந்தது. ஆனால் டப்பாவின் மேல் 'மருந்து' என்பதற்குப் பதில் 'உணவுச் சத்து' என்று எழுதிவிட்டால் அது வேறொரு சட்டத்தின் கீழ் போய்விடுகிறது. பேர் மாறினால் சட்டமும் மாறும்.

கலவைக்கு ஆதரவாக வழக்கமாகக் காட்டும் உதாரணம் காஃபினும் தியானினும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 27 பேருக்கு 50 மில்லிகிராம் காஃபினோடு 100 மில்லிகிராம் தியானின் சேர்த்துக் கொடுத்தபோது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேகமும் துல்லியமும் கொஞ்சம் கூடின. உண்மைதான், ஆனால் சிறிய அளவில், சில மணி நேரத்துக்கு. இந்த இரண்டு பொருளும் ஏற்கெனவே தேயிலைக்குள் சேர்ந்தேதான் இருக்கின்றன, தியானின் மட்டும் குறைந்த அளவில். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் முதுகில் கூடையோடு அதைப் பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு 'கவனக்குறைவு' என்று பள்ளிக்கூடம் பட்டம் கொடுத்தது. அவர்கள் பறித்த இலையின் சாரம் இன்று வேறு பிள்ளைகளின் கவனத்துக்காகக் குப்பியில் போகிறது.

ஒரு சேர்க்கை சிறிது பலித்தது என்பதால் எல்லாச் சேர்க்கையும் பலிக்கும் என்று ஆகாது. 10 பொருட்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் 45 ஜோடிகள். தனியாகவும் சேர்த்தும் கணக்குப் போட்டால் 1023 விதங்கள். இதில் எத்தனையைச் சோதித்திருக்கிறார்கள்? தனித்தனியாகச் சோதித்தவற்றிலேயே பல தோற்றன. ஜின்கோவை 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3069 பேரிடம், நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் வீதம், ஆண்டுக்கணக்கில் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்கிறவர்கள் அதைச் சேர்த்துத் தின்றால் இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. 2021இல் பீட்டர் கோஹன் குழு அமெரிக்கச் சந்தையில் இருந்த 10 மூளைச் சத்துப் பொருட்களைப் பரிசோதித்து, அங்கே அனுமதி பெறாத 5 மருந்துகளை அவற்றில் கண்டது. சில குப்பிகளில் இவை ஒன்றுக்கு மேல் சேர்ந்திருந்தன. மனிதரிடம் யாரும் சோதித்திராத கலவைகள் அவை. பணம் கொடுத்து வாங்கியவர்களே சோதனை எலிகளும் ஆனார்கள். தின்கிற மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டாமல் இந்தக் கலவைகளைத் தொட வேண்டாம் என்பதை மட்டும் அறிவுரையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

6

மூளைக்குச் சத்தே தேவையில்லை என்றா சொல்கிறேன்? இல்லை. அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். சத்துக்கும் அறிவு வளர்ச்சிக்கும் உள்ள உறவு எந்த இடத்தில் ஐயமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் குப்பி வியாபாரிக்கு அக்கறை கிடையாது.

முதலில் அயோடின். கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் அது குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். தடுத்திருக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளின் காரணங்களில் அதுவே முதன்மையானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமியும் சகாக்களும் தொடங்கிய உப்புச் சோதனை, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்கான தடை 1997இல் வந்து, 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மறுபடியும் அறிவிக்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் சிறு உப்பளக்காரர்களை ஒழித்துக்கட்டச் செய்யும் சதி என்று நம் தரப்பில் பலர் அதை எதிர்த்தார்கள். சிறு உற்பத்தியாளர்களின் வாழ்வாதாரம் பற்றிய அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அயோடினே தேவையில்லை என்ற அளவுக்குப் பேச்சு போனது நியாயமில்லை. சிறு உப்பளங்களுக்கு அயோடின் சேர்க்கும் வசதியை அரசு செய்து தர வேண்டும் என்பதல்லவா கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும்? 2018–19இல் எடுத்த அகில இந்தியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கிற மாநிலத்தின் கதை இது.

அடுத்தது இரும்பு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இரத்தத்தில் இரும்பு குறைந்த பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் வாத்தியார் 'மக்கு' என்பார். 2012இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைப் பள்ளியில் இலவசமாகத் தருகிறார்கள். அதுவும் ஒரு கலவைதான். ஆனால் அதற்கு விளம்பரத்தில் நடிக்க எந்த நட்சத்திரமும் இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள், பதிவேட்டில் மட்டும் எல்லோரும் விழுங்கியிருப்பார்கள்.

பிறகு சோறு. 1920இல் தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் உணவு தரத் தீர்மானித்தது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி. இந்த நூறாண்டுக் கதையை நாம் கட்சிப் பெருமையாகவே பேசிப் பழகிவிட்டோம். இதை ஞாபகத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும். தனிகா சக்ரவர்த்தியும் ராஜஸ்ரீ ஜெயராமனும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்தாண்டு வரை மதிய உணவு பெற்ற பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்புத் தேர்வில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதலாக எடுத்தார்கள். எந்தக் குப்பி இந்த அளவு சான்றைக் காட்டும்?

முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த மூளைச் சத்துக் கலவைகளில் கோலின் என்ற பொருளைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை 1989இல் நுழைந்தது, 2010இல் வாரம் ஐந்தானது. 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிகளில் முட்டை கிடையாது என்றார். 2021இல் கர்நாடகத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் முட்டை கொடுக்க முயன்றபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். ஏழைப் பிள்ளையின் தட்டில் இருக்கும் முட்டை தீட்டு, அதே சத்து 'சைவக் குப்பி'யாகப் பணக்காரப் பிள்ளையின் மேசையில் இருந்தால் அறிவியல். கௌதம சூத்திரத்துக்கும் இதற்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். யாருடைய உடலுக்குள் எது போகலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் மட்டும் அதே கைகளைத் தேடிப் போகிறது.

7

நாமக்கல் இரண்டுக்குப் பேர்போனது: முட்டைக்கும், உறைவிடப் பள்ளிகளுக்கும். முட்டை ஊர் ஊராகச் சத்துணவுக் கூடத்துக்குப் போகிறது. பிள்ளைகள் ஊர் ஊரில் இருந்து விடிகாலை தொடங்கி இரவு வரை உருப்போட அங்கே போகிறார்கள். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதிரானது என்ற நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2007இல் போனது. 2017இல் நீட் என்ற பெயரில் திரும்பி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதாவை அந்த ஆண்டே இழந்தோம். அவருடைய ஞாபகத்தில் எந்தச் சத்து குறைந்திருந்தது? குறைந்தது வேறொன்று. தேர்வின் வடிவம் மாறியபோது அதற்கான பயிற்சியை இலட்சங்கள் கொடுத்து வாங்க முடியாமல் போனது.

கதவின் அளவை ஒவ்வொரு முறை மாற்றும்போதும், நுழைய முடியாதவர்களின் மூளையில்தான் குறை என்று சொல்ல ஒரு பொருள் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் பாஸ்பரஸ், ஒரு காலத்தில் நீர்ப்பிரமி, இப்போது பத்துப் பொருட்களின் கலவை. அந்தப் பெற்றோரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நாள்கூலிக்குப் போகிற ஒரு தாய் முந்நூறு ரூபாய் கொடுத்து அந்தக் குப்பியை வாங்குகிறார் என்றால், தன் கைக்கு எட்டுகிற ஒரே ஆயுதம் அது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை தோற்றுவிட்டால் குப்பியையும் குறை சொல்ல முடியாது, தேர்வையும் குறை சொல்ல முடியாது. பழி பிள்ளையின் மண்டைக்குள்ளேயே தங்கிவிடும். இந்தக் கலவை செய்கிற ஆகப் பெரிய வேலை அதுதான்.

இதற்கு எதிராகச் சித்த மருத்துவத்தை உயர்த்திப் பிடிப்பதே தமிழ் அரசியல் என்று நினைக்கும் நண்பர்கள், அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நாம் எந்தக் கடைக்கு ஆள் சேர்க்கிறோம் என்று யோசிக்க வேண்டும். வல்லாரையைத் துவையலாக அரைத்துத் தின்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, நன்றாகவே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நம் ஊர் நியாயவிலைக் கடை உப்பில் அயோடின் எவ்வளவு? பள்ளியில் கொடுக்கும் இரும்பு மாத்திரை உண்மையில் எத்தனை பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறது? காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு ஏன் நிற்க வேண்டும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காதா? இந்தக் கேள்விகளோடு ஊராட்சிக் கூட்டத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் போகிற வேலையை நம்மில் எத்தனை பேர் எடுத்துச் செய்யப் போகிறோம்?